மன்னாருக்குப் போகிற வண்டிக்கு எந்தப் பெற்றோல்?

(யாத்திரைக்குப் புறப்படும் குடும்பங்களுக்காகத் தோட்ட நலன்புரிக் கூட்டத்தில் நாங்கள் ஆற்றிய உரை)



சிவராத்திரி வந்தால் திருக்கேதீஸ்வரம், ஆகஸ்ட் மாதம் வந்தால் மடு மாதா திருவிழா. இந்த இரண்டுக்கும் நமது தோட்டங்களிலிருந்து ஆட்கள் போகாத வருடம் குறைவு. முன்பு பஸ்ஸையும் ரயிலையும் நம்பிப் போனோம். இப்போது பத்துக் குடும்பம் சேர்ந்து வேன் பிடிக்கிறார்கள். சொந்தமாக ஓட்டோ வைத்திருக்கிற பிள்ளைகள் பெண்சாதி பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு தாங்களே ஓட்டிப் போகிறார்கள். பாலாவியில் முழுகி, தலைமன்னார் வரை போய்க் கடலையும் பார்த்துவிட்டு, பேசாலைக் கருவாடும் வாங்கிக்கொண்டு வருகிறார்கள். நல்ல விடயம்.

புறப்படுவதற்கு முந்திய வாரம் எங்களிடம் ஒரு கேள்வி வரும். "ஐயா, மலைக்கு 95 போட்டாத்தான் இழுக்கும்னு சொல்றாங்களே, உண்மையா?" என்று ஒருவர் கேட்பார். "மலையில காத்து கம்மி, அதனால மட்டமான பெற்றோலே போதும்னு சொல்றாங்களே" என்று இன்னொருவர் கேட்பார். இரண்டு பேச்சும் லயத்தில் உலாவுகிறது. இன்று அதைப் பற்றித்தான் நாங்கள் பேசப் போகிறோம்.

நலன்புரிக் கூட்டத்தில் பெற்றோலைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் நினைக்கலாம். பிள்ளைப் பராமரிப்பு, சத்துணவு, கிணற்றுத் தண்ணீர், சேமிப்பு என்றுதானே வழக்கமாகப் பேசுவோம். ஆனால் ஒரு பயணத்துக்கு எத்தனை பேர் கூலி பெற்றோலாகப் போகிறது என்று கணக்குப் பாருங்கள். லீசிங்கில் எடுத்த ஓட்டோதான் அந்த வீட்டுச் சோற்றுப் பானை. அதன் இஞ்சின் நின்றால் அடுப்பும் நிற்கும். ஆகவே இதுவும் நமது விடயம்தான்.

இறங்குகிற பாதை, ஏறி வந்த பாதை

மன்னார் நமக்குப் புதிய ஊர் இல்லை. நமது பாட்டன் பூட்டன்மார் தமிழ்நாட்டிலிருந்து தோணியில் வந்து இறங்கியது அந்தக் கரையோரத்தில்தான். அங்கிருந்து காட்டு வழியே மாத்தளை வரைக்கும் நடந்தார்கள். பசியிலும் கொலராவிலும் காய்ச்சலிலும் வழியிலேயே செத்தவர்கள் ஏராளம். மலையக மக்கள் வந்து 200 ஆண்டு நிறைந்ததை நினைத்து 2023ஆம் ஆண்டு ஜூலை 28ஆம் திகதி தலைமன்னாரில் தொடங்கி, ஆகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளையில் முடிந்த நடைபயணத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள்.

அவர்கள் நாள்கணக்காக ஏறி வந்த வழியை நாம் ஒரே பகலில் இறங்கிவிடுகிறோம். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம். ஹட்டன் 1,271 மீற்றர். கண்டி ஏறக்குறைய 500. அனுராதபுரம் 80 அளவில். மன்னார்த் தீவோ கடலோடு ஒட்டிக் கிடக்கிறது. காலையில் கம்பளி போர்த்திப் புறப்பட்டவர்கள் மத்தியானம் மன்னார்ப் பாலத்தில் வியர்த்துக் கொட்ட நிற்கிறோம். நமது உடம்புக்கு வருகிற இந்த மாற்றம் இஞ்சினுக்கும் வருகிறது. நாம் சட்டையைக் கழற்றிக் கொள்வோம். இஞ்சின் என்ன செய்யும்? அதைத்தான் யோசிக்க வேண்டும்.

ஒக்டேன் என்றால் என்ன?

பெற்றோல் செட்டில் 92, 95 என்று எழுதியிருக்கிறதே, அந்த இலக்கத்துக்குப் பெயர் ஒக்டேன். 95 என்றால் பலம் கூடிய பெற்றோல் என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியில்லை.

இஞ்சினுக்குள் பிஸ்டன் மேலே வரும்போது காற்றும் பெற்றோல் ஆவியும் சேர்ந்த கலவையை இறுக்கி நெரிக்கும். நெரிக்க நெரிக்கச் சூடேறும். பிளக் நெருப்புப் பொறி போட்ட பிறகு அந்தக் கலவை ஒழுங்காக எரிந்து பிஸ்டனைக் கீழே தள்ள வேண்டும். ஆனால் சூடும் அழுத்தமும் அளவுக்கு மிஞ்சினால், ஒழுங்கான நெருப்பு போய்ச் சேருவதற்கு முன்னமே, மூலையில் கிடக்கிற கலவை தானாகவே வெடித்துவிடும். அப்போது தகர டின்னுக்குள் கல்லைப் போட்டுக் குலுக்கிய மாதிரி ஒரு சத்தம் கேட்கும். இதைத்தான் கராஜ்காரர்கள் நொக்கிங் என்கிறார்கள். இப்படியே தொடர்ந்து ஓட்டினால் பிஸ்டன் தலை அரித்துப் போகும், கேஸ்கட் எரியும், கடைசியில் இஞ்சின் இறுகி நிற்கும்.

தானாக வெடிக்காமல் தாங்கி நிற்கிற குணத்தின் அளவுதான் ஒக்டேன். ஐசோஒக்டேன் என்ற திரவத்துக்கு 100 புள்ளி, ஹெப்டேன் என்ற திரவத்துக்கு 0 புள்ளி என்று வைத்துக் கொண்டார்கள். 92 பெற்றோல் என்றால், முதலாவதில் 92 பங்கும் இரண்டாவதில் 8 பங்கும் சேர்த்த கலவை எவ்வளவு தாங்குமோ, அவ்வளவு தாங்கும் என்று அர்த்தம். கூடுதல் இலக்கம் என்றால் கூடுதல் பொறுமை. கூடுதல் சக்தி இல்லை. 92 போதும் என்று செய்த இஞ்சினுக்கு 95 ஊற்றினால் அது கூட இழுக்காது, கூட ஓடாது. காசுதான் கூடப் போகும்.

முன்பு இந்தப் பொறுமையைக் கூட்டப் பெற்றோலில் ஈயம் கலந்தார்கள். அந்தப் புகை பிள்ளைகளின் மூளைக்குக் கேடு என்று தெரிந்து உலகமெங்கும் ஒவ்வொரு நாடாக அதை நிறுத்தின. நமது நாட்டிலும் 2002இல் நிறுத்தினார்கள். இப்போது ஈயம் இல்லாமலே 92, 95 கிடைக்கிறது.

மலையில் காற்று மெலிசு

இனி உயரத்துக்கு வருவோம். மேலே போகப் போகக் காற்றின் பாரம் குறையும். மன்னார்க் கரையில் காற்றின் அழுத்தம் 100 பங்கு என்று வைத்தால், கண்டியில் 94 பங்கு, ஹட்டனில் 86 பங்கு, நுவரெலியாவில் 80 பங்குதான்.

இதற்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. நமது தாய்மார்களுக்கு இது நன்றாகத் தெரியும். நுவரெலியாப் பக்கம் பருப்பு வேக நேரமாகும். கீழே போய்ச் சமைத்தால் சீக்கிரம் வேகும். காரணம், கடற்கரையில் தண்ணீர் 100 பாகை செல்சியஸில் கொதிக்கிறது, நுவரெலியாவில் 94 பாகையிலேயே கொதித்துவிடுகிறது. அழுத்தம் குறைந்த இடத்தில் சூடு குறையவே கொதி வந்துவிடும்.

இன்னொன்றையும் இந்த முறை போகும்போது பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். தோட்டத்தில் பாதி குடித்து இறுக்கி மூடிய பிளாஸ்டிக் தண்ணீர்ப் போத்தல், மன்னார் போய்ச் சேரும்போது நசுங்கிப் போயிருக்கும். யாரும் நெரிக்கவில்லை, கீழே இருக்கிற பாரமான காற்றுத்தான் நெரித்தது.

இஞ்சினுக்கும் இதே கதைதான். நுவரெலியாவில் இஞ்சின் ஒரு தடவை மூச்சு இழுத்தால் உள்ளே போகிற காற்று ஐந்தில் ஒரு பங்கு குறைவு. காற்றுக் குறைந்தால் சக்தி குறையும். அதனால்தான் மேலே வண்டி சோம்பலாக இழுக்கிறது. இந்தக் குறையை 95 போட்டுச் சரிக்கட்ட முடியாது. இல்லாத காற்றைப் பெற்றோல் கொண்டு வந்து தராது.

ஆனால் காற்றுக் குறைந்தால் நெரிபடுகிற அழுத்தமும் குறைவு. ஆகவே தானாக வெடிக்கிற பயமும் குறைவு. மலையில் ஓடுகிற வண்டிக்கு ஒக்டேன் கொஞ்சம் குறைந்தாலும் தாங்கும் என்ற பேச்சு வந்தது இதனால்தான். அந்தப் பேச்சில் ஒரு பாதி உண்மை இருக்கிறது. மறு பாதியைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

அமெரிக்காவில் நடக்கிற கதை

அமெரிக்காவில் ரொக்கி மலைத்தொடர் என்று ஒன்று உண்டு. அங்கே கொலராடோ என்ற மாநிலத்தின் தலைநகரம் டென்வர், ஏறக்குறைய 1,600 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. நமது ஹட்டனுக்கு மேலே, நுவரெலியாவுக்குக் கீழே என்று வைத்துக் கொள்ளுங்கள். அந்த மலைப் பகுதியில் சாதாரண பெற்றோலாக 85 விற்கிறார்கள். கீழ்நாட்டில் சாதாரண பெற்றோல் 87. (அவர்கள் இலக்கம் போடுகிற முறை வேறு. அவர்களுடைய 87 நமது 91, 92க்குச் சமம். ஆகவே அந்த இலக்கத்தை நமது செட்டில் தேட வேண்டாம்.)

இந்த வழக்கம் காபரேட்டர் வண்டிகள் ஓடிய காலத்தில் வந்தது. இப்போது கம்பியூட்டர் வைத்த வண்டிகளை விற்கிற கம்பெனிகள் பல, மலையிலும் எங்கள் புத்தகத்தில் சொன்ன ஒக்டேனையே போடுங்கள் என்கின்றன. தாங்கியில் 85ஐ நிரப்பிக்கொண்டு அதே நாளில் கீழ்நாட்டுக்கு இறங்கினால் மலைக்கு ஏற்ற பெற்றோல் சமவெளிச் சூட்டில் எரிய வேண்டியிருக்கும். அங்கேதான் நொக்கிங் பிடிக்கும்.

இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் ஒன்றே ஒன்று. தாங்கியில் இருக்கிற பெற்றோல் வண்டியோடு கூடவே இறங்கும். ஆகவே நீங்கள் போகிற பாதையில் எது ஆகத் தாழ்ந்த, ஆகச் சூடான இடமோ, அந்த இடத்துக்குப் பொருந்துகிற பெற்றோலைப் போடுங்கள். நமது பயணத்தில் அந்த இடம் மன்னார்.

நமது வண்டிக்கு எது?

நமது நாட்டில் மலைக்கு என்று தனிப் பெற்றோல் கிடையாது. ஹட்டனில் விற்கிற 92தான் மன்னாரிலும் 92. இது நமக்கு ஒரு வசதி. அப்படியானால் 92ஆ, 95ஆ என்பது மட்டும்தான் கேள்வி.

அதற்குப் பதில் உங்கள் வண்டியோடு வந்த புத்தகத்தில் இருக்கிறது. புத்தகம் இல்லையென்றால் பெற்றோல் மூடிக்கு உட்பக்கம் பாருங்கள். பொதுவாக நாங்கள் சொல்லக்கூடியது இது.

இந்தியாவிலிருந்து வந்த ஓட்டோ, மோட்டார் சைக்கிள், சின்னக் கார் இவையெல்லாம் அந்த நாட்டுச் சாதாரண பெற்றோலுக்குச் செய்தவை. அங்கே சாதாரண பெற்றோல் நீண்ட காலம் 91ஆக இருந்தது. நமது 92 அதைவிட ஒரு படி மேல். ஆகவே தாராளமாகப் போதும்.

ஜப்பானில் பாவித்துவிட்டு இங்கே வந்த சின்னக் கார்களும் வேன்களும் பெரும்பாலும் அந்த நாட்டு 'ரெகுலர்' பெற்றோலுக்குச் செய்தவை. ஜப்பானில் ரெகுலர் என்றால் 89க்குக் குறையக் கூடாது என்பது அந்த நாட்டுத் தர நிர்ணயம். அதற்கும் நமது 92 போதும். மூடியில் ஜப்பான் எழுத்தில் 'ஹைஒக்டேன்' என்று எழுதியிருந்தால் மட்டும் 95 போடுங்கள். வாசிக்கத் தெரியாவிட்டால் படம் எடுத்து, தெரிந்த கராஜில் காட்டிக் கேளுங்கள்.

ஐரோப்பாவிலிருந்து வந்த கார், அல்லது டர்போ வைத்த சில புதிய கார்கள் 95 கேட்கும். அந்த வண்டிகளுக்கு 95தான் போட வேண்டும். மலையில் ஓடும்போது 92 போட்டாலும் சத்தம் கேட்காமல் ஓடலாம். ஆனால் தம்புள்ளை தாண்டி வெயில் ஏறும்போது அதே 92தானே தாங்கியில் இருக்கும்.

ஒரு கணக்குச் சொல்கிறோம். ஹட்டனிலிருந்து மன்னார் போய் வர 600 கிலோமீற்றருக்கு மேல். லீற்றருக்குப் பத்துக் கிலோமீற்றர் ஓடுகிற பெற்றோல் வேனுக்கு 60 லீற்றருக்கு மேல் வேண்டும். புறப்படுகிற நாளில் செட்டில் தொங்குகிற விலைப் பலகையைப் பாருங்கள். 95க்கும் 92க்கும் உள்ள வித்தியாசத்தை 60ஆல் பெருக்குங்கள். தேவையில்லாமல் 95 போட்டால் எத்தனை பேர் கூலி வீணாகிறது என்று உங்களுக்கே விளங்கும். அந்தக் காசுக்குப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு வாங்கலாம், கோயிலுக்கு அர்ச்சனை செய்யலாம்.

இறங்குவதற்கு முன் காபரேட்டரைப் பாருங்கள்

இனிச் சொல்லப் போவது ஓட்டோக்காரத் தம்பிமார் கட்டாயம் கேட்க வேண்டியது. பழைய ஓட்டோ, பழைய மோட்டார் சைக்கிள், பழைய வேன் இவற்றில் காற்றையும் பெற்றோலையும் கலப்பது காபரேட்டர். அதற்கு மூளை கிடையாது. வைத்த அளவில் பெற்றோலை விட்டுக்கொண்டே இருக்கும். மலையில் காற்று மெலிசாக இருப்பதால் பெற்றோல் மிஞ்சிப் போகும். பிளக் கறுக்கும், புகை வரும், பெற்றோல் வீணாகும். ஆகவே மலை கராஜ் பாஸ்மார் பெற்றோலைக் குறைத்து வைப்பார்கள். இழுவைக்காக டைமிங்கையும் சில வண்டிகளில் முன்னுக்குத் தள்ளி வைப்பார்கள். தோட்டத்துக்குள் ஓடுவதற்கு அது சரிதான்.

அதே செற்றிங்கோடு மன்னாருக்கு இறங்கினால் என்ன ஆகும்? காற்று நிறைய வரும், பெற்றோல் பழைய அளவுதான் வரும். கலவை வறண்டு போகும். வறண்ட கலவை சூடாக எரியும். முன்னுக்குத் தள்ளிய டைமிங் அந்தச் சூட்டை இன்னும் கூட்டும். இதற்கு மேல் வெளியே மன்னார் வெயில், நீண்ட நேரான பாதை, மணிக்கணக்காக ஒரே வேகம். இந்த நேரத்தில் பெற்றோல் 92ஆக இருந்தாலும் நொக்கிங் வரலாம்.

ஒரு தோட்டத்துத் தம்பிக்கு நடந்ததை நாங்கள் அறிவோம். பெயர் வேண்டாம். பெண்சாதி, இரண்டு பிள்ளைகளோடு சிவராத்திரிக்கு ஓட்டோவில் புறப்பட்டார். மலைக்கு வைத்த செற்றிங் அப்படியே இருந்தது. மதவாச்சி தாண்டி மன்னார்ப் பாதையில் ஓடும்போது சத்தம் கேட்டது. கோயிலுக்குப் போய்ப் பார்த்துக் கொள்ளலாம் என்று நிறுத்தாமல் ஓட்டினார். கொஞ்ச தூரத்தில் பிஸ்டன் இறுகி வண்டி நின்றுவிட்டது. காட்டுப் பாதை, இருட்டுகிற நேரம், கைப்பிள்ளை அழுகிறது. நல்ல மனுசர் ஒருவர் லொறியில் ஏற்றிக்கொண்டு போய் விட்டார். சாமி கும்பிட்டதும் இல்லை, வண்டி வீடு வந்து சேர்ந்ததும் இல்லை. இஞ்சின் வேலைக்குக் கடன் பட்டார். வண்டி நின்ற நாட்களில் உழைப்பு இல்லாமல் லீசிங் தவணை பிந்தியது. பெண்சாதியின் தோடு அடகுக் கடைக்குப் போனது. ஒரு சின்னத் திருப்பாணியைத் திருப்பி வைத்திருந்தால் இவ்வளவும் வந்திருக்காது.

ஆகவே புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்னமே உங்கள் பாஸிடம் போங்கள். "நான் மன்னாருக்கு இறங்குறேன், கம்பெனி செற்றிங்குக்குத் திருப்பி வையுங்க" என்று வாய் திறந்து சொல்லுங்கள். டைமிங்கையும் பார்க்கச் சொல்லுங்கள். எத்தனை சுற்றுத் திருப்பினார் என்று ஒரு கடதாசியில் எழுதி வாங்குங்கள். திரும்பி வந்த பிறகு வேண்டுமானால் மலைக்கு மாற்றிக் கொள்ளலாம். மேலே வரும்போது இரண்டு நாள் பெற்றோல் கொஞ்சம் மிஞ்சிப் போனால் பிளக்தான் கறுக்கும், துடைத்துக் கொள்ளலாம். கீழே வறண்டு ஓடினால் இஞ்சினே போய்விடும்.

இன்ஜெக்ஷன் வைத்த புதிய வண்டிகளில் இந்த வேலை இல்லை. எவ்வளவு காற்று வருகிறது என்று கம்பியூட்டரே பார்த்துப் பெற்றோலை அளந்துவிடும். அந்த வண்டிக்காரர்கள் சரியான ஒக்டேனைப் போட்டால் போதும்.

மன்னாரில் நிற்கும்போது

மதவாச்சியிலிருந்து மன்னார் வரையிலான பாதையில் நீண்ட தூரம் காடும் வயலும்தான். ஆகவே அனுராதபுரத்திலோ மதவாச்சியிலோ நிரப்பிக் கொள்ளுங்கள். தீவுக்குள் போனால் மன்னார் நகரத்திலேயே நிரப்பிவிட்டுத் தலைமன்னாருக்குப் புறப்படுங்கள்.

வழியில் பெற்றோல் முடிந்துவிட்டது என்று பெட்டிக்கடையில் போத்தல் பெற்றோல் வாங்காதீர்கள். அதில் என்ன கலந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. மண்ணெண்ணெய் கொஞ்சம் கலந்தாலே ஒக்டேன் இறங்கிவிடும். 92 என்று நினைத்து ஊற்றுவீர்கள், உள்ளே போவது வேறு ஒன்றாக இருக்கும். குளிர் மலையில் அது ஒருவேளை தாங்கும். மன்னார்ச் சூட்டில் தாங்காது.

தீவில் காற்றின் பலத்தைச் சொல்ல வேண்டியதில்லை, கரையோரம் வரிசையாக நிற்கிற பெரிய காற்றாலைகளே சாட்சி. எதிர்க் காற்றில் ஓடுவதும் மலை ஏறுவதும் இஞ்சினுக்கு ஒன்றுதான். பாரம் கூடும், சூடு கூடும். வேகத்தைக் குறைத்து ஓட்டுங்கள். மணலும் தூசியும் பறக்கிற இடம் என்பதால் வந்த பிறகு எயார் பில்டரைத் தட்டித் துப்புரவாக்குங்கள்.

திரும்பி ஏறும்போது

கருவாட்டு மூட்டையும் ஆட்களுமாகப் பாரத்தோடு திரும்பி வருகிறோம். ஏற்றத்தின் அடிவாரத்தில்தான் நொக்கிங் அதிகம் பிடிக்கும். காற்று இன்னும் தடிப்பு, இஞ்சின் ஏற்கெனவே நல்ல சூடு, மேலே ஏற்றம். மூன்று பாரமும் ஒன்றாகச் சேருகிற இடம் அது. அங்கே பெரிய கியரிலேயே வைத்து எக்ஸலேட்டரை முழுக்க அமத்தாதீர்கள். சத்தம் கேட்டவுடனே காலைக் கொஞ்சம் எடுத்து, ஒரு கியர் குறையுங்கள். சத்தம் நிற்கும். நிற்காவிட்டால் ஓரமாக நிறுத்தி இஞ்சினை ஆறவிடுங்கள். சூடான ரேடியேற்றர் மூடியை மட்டும் உடனே திறக்காதீர்கள். கொதிநீர் முகத்தில் அடிக்கும்.

வேனில் போகிற தாய்மார்களுக்கும் ஒரு சொல். "தம்பி, இஞ்சின்ல ஏதோ சத்தம் கேக்குதே" என்று டிரைவரிடம் சொல்லப் பயப்படாதீர்கள். நேரம் போகிறது, நிறுத்தாதே என்று பின்னாலிருந்து அவசரப்படுத்தவும் வேண்டாம்.

டீசல் வேனில் போகிறவர்களுக்கு இந்த ஒக்டேன் கதை பொருந்தாது. டீசல் இஞ்சினில் பிளக் பொறி போடுவதில்லை, நெரிபட்ட சூட்டில் டீசல் தானாகவே பற்ற வேண்டும். அது வேறு குணம். டீசல் வண்டிக்குப் பெற்றோலோ, பெற்றோல் வண்டிக்கு டீசலோ ஒரு சொட்டும் கலக்கக் கூடாது. செட்டில் குழாயை வைப்பதற்கு முன் வாய் திறந்து சொல்லுங்கள்.

லயத்தில் பெற்றோல் வேண்டாம்

கடைசியாக ஒன்று. 2022ஆம் ஆண்டு நாள்கணக்கில் வரிசையில் நின்றோம். அந்த வருடம் ஜூலையில் கியூஆர் அட்டை வந்த பிறகுதான் கொஞ்சம் மூச்சு வந்தது. அந்தப் பயத்தில் பலர் கான்களிலும் போத்தல்களிலும் பெற்றோலை வாங்கி லயக் காம்பிராவுக்குள் வைத்தார்கள். அந்தப் பழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. யாத்திரைக்குத் தேவை என்று முன்கூட்டியே வாங்கி வைப்பவர்களும் உண்டு.

தயவு செய்து வேண்டாம். கீழ்நாட்டில் நிரப்பி இறுக்கி மூடிய கான் மேலே வந்தால் ஊதிக்கொண்டு நிற்கும். தண்ணீர்ப் போத்தல் கீழே நசுங்கியது போல, இது மேலே வீங்கும். மூடியைத் திறந்தால் ஆவி சீறும். பக்கத்தில் விறகடுப்பு எரிகிறது, குப்பி விளக்கு எரிகிறது, ஒரே கூரையின் கீழே எத்தனை குடும்பம் இருக்கிறது. ஒரு காம்பிராவில் பற்றினால் முழு லயமும் போய்விடும். வைத்து வைத்துப் பாவிக்கிற பெற்றோல் கெட்டும் போகும். பெற்றோல் இருக்க வேண்டிய இடம் வண்டித் தாங்கி ஒன்றுதான்.

மறக்காமல் இருக்க

1. மூடியில் எழுதியிருக்கிற ஒக்டேனைப் பாருங்கள். ஓட்டோவுக்கும், மோட்டார் சைக்கிளுக்கும், பெரும்பாலான இந்திய, ஜப்பான் சின்ன வண்டிகளுக்கும் 92 போதும்.

2. மலை ஏற என்று 95 வாங்காதீர்கள். வண்டி 95 கேட்டால் மலை என்று 92க்கு இறங்கவும் வேண்டாம்.

3. பாதையில் ஆகத் தாழ்ந்த இடத்துக்குப் பெற்றோலைத் தெரிவு செய்யுங்கள்.

4. காபரேட்டர் வண்டி இறங்குவதற்கு முன் செற்றிங்கையும் டைமிங்கையும் கீழ்நாட்டுக்கு மாற்றுங்கள்.

5. டின்னில் கல் குலுங்குகிற சத்தம் கேட்டால் கியரைக் குறையுங்கள், நிற்காவிட்டால் வண்டியை நிறுத்துங்கள்.

6. போத்தல் பெற்றோல் வாங்காதீர்கள், லயத்தில் வைக்காதீர்கள்.

இவ்வளவும் காசு செலவில்லாத வேலை. இந்தப் பக்கத்தை வெட்டி உங்கள் ஓட்டோவிலோ வேனிலோ வைத்துக் கொண்டாலும் எங்களுக்குச் சந்தோசம். சந்தேகம் இருந்தால் புறப்படுவதற்கு முன் நலன்புரி அலுவலகத்துக்கு வாருங்கள். மூடியில் என்ன எழுதியிருக்கிறது என்று சேர்ந்து பார்ப்போம்.

கொழுந்து நிறுத்துக் காசாக்கி நீங்கள் சேர்த்த பணத்தில் போகிற பயணம் இது. போகிறவர்கள் எல்லோரும் சுகமாகப் போய், மனங் குளிரக் கும்பிட்டு, சுகமாகத் திரும்பி வாருங்கள்.